மலாயா டீச்சர் பாடம் சொன்ன கரை

வெள்ளி: இராமநாதபுரம், தேவிபட்டினம்

இன்று ஜனவரி 23, நேதாஜி பிறந்த நாள். இராமநாதபுரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள சுவர்களில் எல்லாம் அவர் இராணுவ உடையில் நிற்கிறார். பக்கத்தில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர், கீழே உள்ளூர்க்காரர்களின் சிறு சிறு முகங்கள். 1939-இல் நேதாஜி தொடங்கிய ஃபார்வர்டு பிளாக் கட்சியை இந்தச் சீமையில் வேரூன்ற வைத்தவர் தேவர். போஸ் என்று பெயர் கொண்ட ஆண்கள் இங்கே ஊருக்கு ஊர் உண்டு. ஒவ்வொரு சுவரொட்டியாக நின்று பார்த்தேன். ஒன்றில்கூடப் பெண் முகம் இல்லை.

எனக்கு நான்காம் வகுப்பில் பாடம் சொன்ன டீச்சர் அந்த நேதாஜியின் படையான இந்திய தேசிய இராணுவத்தில் துப்பாக்கி ஏந்தியவர். அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படைப்பிரிவு. மலாயாவில் ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, பதினாறு பதினேழு வயதில் சிப்பாயாகி, போர் முடிந்ததும் தாயுடன் கப்பலேறி இந்தக் கரைக்கு வந்து, ஓய்வு பெறும்வரை மீனவப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. மலாயா டீச்சர்தான். குடும்பத்தார் பெயரை வெளியிட விரும்பவில்லை என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். அவர் வேலை பார்த்த ஊர்களை வரிசையாகப் பார்த்துவிட வேண்டும், அவரிடம் படித்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே பேசிவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

தேவிபட்டினத்துக்கு நகரப் பேருந்தில் அரை மணி நேரம்தான். வழியெல்லாம் சீமைக்கருவேலம், நடுநடுவே அறுவடை முடிந்த நெல் வயல், முண்டு மிளகாய்த் தோட்டம். கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைச் சுற்றி வழக்கம்போல் கூட்டம். அந்தப் பக்கம் போகாமல் நேராக டீச்சரின் அண்ணன் மகள் வீட்டுக்குப் போனேன். எனக்கு அக்கா முறை. கடைசிக் காலத்தில் டீச்சரைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

சாப்பிட்டு முடித்ததும் அக்கா ஒரு பழுப்புக் கோப்பைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். டீச்சருடைய பணிப் பதிவேட்டின் நகல். பிறந்த ஊர் என்ற இடத்தில் மலாயாவின் பேராக் மாநிலம். கல்வித் தகுதி இ.எஸ்.எல்.சி., ஆசிரியப் பயிற்சி. உடலில் அடையாளம்: இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. அதற்குப் பிறகு ஒரு வரி: “முந்தைய பணி: இல்லை.”

அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எழுதிய எழுத்தர் மீது எனக்குக் கோபமில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட விதி அப்படி. விடுதலைக்குப் பிறகும் இந்திய தேசிய இராணுவத்தினரை இந்தியப் படையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டமே 1972-இல்தான் வந்தது. அதற்கும் சிறை சென்ற சான்று, உடனிருந்தவர் சான்று என்று காகிதம் வேண்டும். ரங்கூனைவிட்டு நடந்தே வெளியேறியவர்களிடம் என்ன காகிதம் இருந்திருக்கும்?

“விண்ணப்பம் போடச் சொல்லி நாங்கள் எல்லோரும் கெஞ்சினோம்” என்றார் அக்கா. “எனக்குத்தான் வாத்தியார் பென்ஷன் வருகிறதே, அதுவும் அந்த வேலைக்குத்தானே கொடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்.”

அதுவும் அந்த வேலைக்குத்தான். இதன் பொருளை அக்கா விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சனி: திருப்பாலைக்குடி, உப்பூர், தொண்டி

காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே கிளம்பினேன். டீச்சருக்கு முதலில் வேலை கிடைத்தது இந்தப் பக்கத்துக் கடலோரச் சிற்றூர் ஒன்றில். பாக் நீரிணை இங்கே ஆழமில்லாதது. இடுப்பளவு நீரில் வெகுதூரம் நடந்து வலை போடுகிறார்கள். விடியலில் கரை திரும்பும் ஆண்கள், ஏலம், மீன் பிரிக்கும் பெண்கள், அவர்களோடு கூடை தூக்கும் பிள்ளைகள். பள்ளிக்கூட மணி அடிக்கும்போது பிள்ளைகள் பாதிப்பேர் கரையில்தான் இருப்பார்கள்.

திருப்பாலைக்குடியில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரை விசாரித்தேன். எண்பதை நெருங்குகிறவர். மலாயா டீச்சர் என்றதும் ஊசியைக் கீழே வைத்தார்.

“பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு கரைக்கே வந்துவிடுவார், தாயி. ஏலம் முடிகிறவரை மணலில் உட்கார்ந்திருப்பார். முடிந்ததும் அங்கேயே பெயர் கூப்பிட்டு, வரிசையாக நிற்க வைத்து, நடத்திக் கூட்டிப்போவார். எங்கள் அப்பா ஒரு நாள் சண்டைக்கு வந்தார். அவர் சத்தம் போட்டு ஓயும்வரை நின்றார். அப்புறம், ‘உங்கள் மகன் ஏலக் கணக்கைப் படித்துச் சொல்கிற அன்றைக்கு நான் கரைக்கு வருவதை நிறுத்திவிடுகிறேன்’ என்றார்.”

“நிறுத்தினாரா?”

“ஆறு மாதத்தில் படித்துச் சொன்னேன். நிறுத்திவிட்டார்.”

பிறகு அவர் எழுந்தார். முதுகை நிமிர்த்தி, குதிகாலைச் சேர்த்து, “சாவ்தான்!” என்று ஒரு குரல் கொடுத்தார். பக்கத்துப் படகில் இருந்த இளைஞர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நேதாஜியின் படையில் கட்டளைகள் எல்லாம் இந்துஸ்தானியில்தான். டீச்சருக்கு உடற்பயிற்சி வகுப்பு நடத்தத் தெரிந்த மொழி அது ஒன்றுதான். சாவ்தான், விஷ்ராம் என்று சொல்லித்தான் எங்களையும் நிற்க வைத்தார். 1965 ஜனவரியில் இந்தித் திணிப்புக்கு எதிராகத் தமிழ்நாடு கொந்தளித்தபோது, இது என்ன பள்ளியில் இந்தி என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். மறுநாளே “நேராக நில், தளர்ந்து நில்” என்று மாற்றிவிட்டாராம். நாங்கள் படிக்கும்போது இரண்டும் கலந்துவந்தது. பிள்ளைகள் நிமிர்ந்து நிற்பது முக்கியம், எந்த மொழியில் நிற்கிறார்கள் என்பது அவருக்கு முக்கியமில்லை.

உப்பூரில் வெயிலுகந்த விநாயகரைக் கும்பிட்டுவிட்டுத் தொண்டி போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். தொண்டி பழைய துறைமுகம். மலாயாவுக்கும் பர்மாவுக்கும் சபுர் போன, அதாவது கடல் கடந்து பிழைக்கப் போன குடும்பங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அப்படியொரு வீட்டில் பெரியவர் ஒருவர் பிஸ்கட் தகரம் ஒன்றைத் திறந்து காட்டினார். அவருடைய வாப்பா பினாங்கில் கடை வைத்திருந்தவர். தகரம் நிறைய ஜப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டு. போர் முடிந்த அன்றே செல்லாமல் போன பணம். “வாப்பா இதை எரிக்கவும் விடவில்லை, எறியவும் விடவில்லை, தங்கச்சி” என்றார்.

டீச்சர் வளர்ந்த காலம் அந்த நோட்டின் காலம். தோட்டத்தில் ரப்பர் வாங்க ஆளில்லை. அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்று நாளைக் கடத்தினார்கள். 1942-இலும் 43-இலும் ஜப்பானியர் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். அதற்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை லாரிகளில் ஏற்றிப்போனார்கள். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்றார்கள். காலராவும் மலேரியாவும் பசியும் அடியும் அவர்களைக் கொன்றன. டீச்சரின் அப்பா அப்படிப் போனவர். திரும்பவில்லை.

1943 ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி பெண்கள் படை அமைக்கப்போவதாக அறிவித்தார். சென்னையில் மருத்துவம் படித்துச் சிங்கப்பூரில் தொழில் செய்துகொண்டிருந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமையேற்றார். அக்டோபர் 22-ஆம் தேதி பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாத் தமிழ்ப் பெண்கள். அவர்களில் பலர் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்கள். விடியுமுன் ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் நின்று கங்காணியின் வசவைக் கேட்டவர்கள். அந்தப் பெண்கள் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, ராணி என்று அழைத்தார்கள். சாதி பார்க்காமல் ஒரே அடுப்புச் சோறு. காக்கிச் சட்டை, கால்சட்டை, குல்லாய். முடியை வெட்டிக்கொண்டவர்களும் உண்டு. டீச்சரும் வெட்டிக்கொண்டார். அவருடைய அம்மா அந்த முடியைக் கேட்டு அழுதாராம்.

எழுத விரும்பும் முக்கியமான செய்தி இனிமேல்தான் வருகிறது. இதை அவரே எங்களுக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறார்.

முகாமில் இந்துஸ்தானியை ரோமன் எழுத்தில் கற்றுக்கொடுத்தார்கள். தோட்டத்துப் பள்ளியில் கொஞ்சம் படித்திருந்ததால் டீச்சர் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். அவரைவிட மூத்த அக்காமார்கள், கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள், கைநாட்டு வைத்துப் படையில் சேர்ந்தவர்கள் தடுமாறினார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்களில் ஒருவர் இந்தச் சின்னப் பெண்ணிடம் வந்து, அந்த வெள்ளைக்காரன் எழுத்து இருக்கட்டும், முதலில் என் பெயரைத் தமிழில் எழுதக் கற்றுக்கொடு என்று கேட்டார். தரையில் விரலால் எழுதிக் காட்டினார். மறுநாள் நான்கு பேர். அப்புறம் ஒரு வரிசையே உட்கார்ந்தது.

போர் வீராங்கனையாக இருந்து ஆசிரியை ஆனவர் என்று அவரைப் பற்றி யாராவது எழுதினால் நான் மறுப்பேன். அவர் ஆசிரியை ஆனதே படை முகாமில்தான். அந்தப் பணிப் பதிவேட்டில் “முந்தைய பணி” என்று ஒன்று இருந்தால், அதுவும் இதே பணிதான்.

ஞாயிறு: மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி

நேற்று இரவு தேவிபட்டினம் திரும்பி, இன்று அதிகாலை இராமநாதபுரம் வழியாக மண்டபம். அக்காவும் உடன் வந்தார். பேருந்தில் அவர் சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன்.

1944-இல் டீச்சரின் பிரிவு பர்மாவுக்குப் போனது. இம்பால் போர்முனைக்கு அனுப்புவார்கள் என்று காத்திருந்தார்கள். அனுப்பவில்லை. மேமியோ மருத்துவமனையில், மலேரியாவும் வயிற்றுப்போக்கும் குண்டுக் காயமுமாகத் திரும்பிய வீரர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். சாகக் கிடந்த தமிழ்ச் சிப்பாய்களுக்கு ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது டீச்சரின் வேலையாகிவிட்டது. போகுமா போகாதா என்று தெரியாத கடிதங்கள். இராமநாதபுரம் ஜில்லா என்று முகவரி சொன்னவர்களும் அதில் இருந்தார்கள். தான் ஒருமுறையும் பார்த்திராத பூர்விக ஊரின் பக்கத்து ஊர்ப் பெயர்களை எல்லாம் அவர் அங்கேதான் எழுதிப் பழகினார்.

1945 ஏப்ரலில் ரங்கூன் கைவிட்டுப் போயிற்று. முன்னால் ரயிலில் அனுப்பப்பட்ட பெண்கள் மீது வழியில் தாக்குதல் நடந்து ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இருவர் இறந்தார்கள். டீச்சர் 24-ஆம் தேதி நேதாஜியுடன் கிளம்பிய கூட்டத்தில் இருந்தார். பகலில் விமானத்துக்குப் பயந்து மரத்தடி, இரவில் நடை. கார் இருந்தும் நேதாஜி ஏற மறுத்துப் பெண்களுடன் கால் கொப்பளிக்க நடந்தார். முழங்காலுக்குக் கீழே இருந்த தழும்பு அந்த நடையில் வந்தது. மோல்மீனுக்குப் பிறகு ரயில் கிடைத்தது. பாங்காக் போகும் ரயில்.

“எந்தப் பாதை தெரியுமா?” என்று அக்கா கேட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. மலாயாத் தமிழர்களைக் கொன்று போட்ட அதே சயாம் பாதை.

“ஒவ்வொரு பாலத்திலும் எட்டிப் பார்த்தாராம். எந்தப் பாலத்துக்கு அப்பா கல் சுமந்தாரோ என்று. அதற்கப்புறம் எங்கள் அத்தை ரயிலில் ஜன்னல் ஓரம் உட்காரவே மாட்டார். பாம்பன் பாலத்தில்கூட.”

மண்டபம் வந்துவிட்டது. மண்டபம் முகாம் என்ற பெயரே தோட்டத் தொழிலின் பெயர்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய காலத்தில் இங்கேதான் அவர்களை அடைத்துவைத்து, நோய் சோதித்து, கப்பலுக்கு அனுப்பினார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று முடிவு. யாரையும் கேட்காமல் இரண்டு தலைநகரங்கள் மனிதரைப் பங்கு பிரித்துக்கொண்ட கணக்கு அது. எழுபதுகளில் தலைமன்னாரிலிருந்து கப்பல் கப்பலாக இராமேசுவரத்தில் இறங்கியவர்கள் இந்த முகாம் வழியாகத்தான் நாடெங்கும் போனார்கள். 1983-க்குப் பிறகு வந்த ஈழ அகதிகள் இன்னும் இங்கே இருக்கிறார்கள்.

டீச்சர் மண்டபத்துப் பக்கம் மாறுதல் கேட்டு வாங்கியது அந்த எழுபதுகளில். எதற்காக என்று அன்று யாருக்கும் விளங்கவில்லை. இன்று முகாமின் வாசலில் நின்றபோது எனக்கு விளங்கியது. லயம், பெரட்டு, கங்காணி, கிராணி என்று பேசிக்கொண்டு இறங்கிய பிள்ளைகள் அவருடைய தோட்டத்துப் பிள்ளைகள்தான். மரம் ரப்பரா, செடி தேயிலையா என்பது மட்டும்தான் வேறு. எங்கள் வகுப்பில் அப்படி இரண்டு பேர் சில மாதம் உட்கார்ந்திருந்தார்கள். கம்பளிச் சட்டையோடு இந்த வெயிலில் வந்தவர்கள். ‘தோட்டக்காடு’ என்று யாரோ கேலி செய்தான். டீச்சர் அடிக்கவில்லை. “நானும் தோட்டக்காடுதான், எழுந்து நின்று எனக்கும் ஒருமுறை சொல்” என்றார். அவன் நின்றான். வாயைத் திறக்கவில்லை.

பாம்பனுக்கு நாங்கள் சாலைப் பாலத்தில் போனோம். 1914-இல் கட்டிய பழைய ரயில் பாலம் ஒதுங்கி நிற்க, 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் ரயில் போகிறது. சாலைப் பாலம் 1988-இல்தான் வந்தது. டீச்சர் அறுபதுகளில் இராமேசுவரம் தீவுக்குள் வேலை பார்த்த காலத்தில் ரயிலைவிட்டால் வழியில்லை.

சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பார்த்தோம். சேலைக்கு மேல் ஆண்களின் சட்டை, விரல்களில் சுற்றிய துணி, கண்ணுக்குக் கண்ணாடி. இந்த மன்னார் வளைகுடாத் தீவுகளை 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்த நாளிலிருந்து இவர்களுக்கும் வனத்துறைக்கும் இழுபறி. பாறையில் ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறிப்பவர்களை, கடலை அழிப்பவர்கள் என்று சொல்வது அநியாயம் என்பதே என் எண்ணம். அவர்களில் மூத்த பெண் ஒருவர், எழுபது வயதிருக்கும், டீச்சரிடம் மூன்றாம் வகுப்புவரை படித்தவர். வயதுக்கு வரும் முன்பே பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

“நோட்டீஸ் ஒட்டினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான்தான் படித்துச் சொல்வேன்” என்றார். “அதிகாரி ஒருவர் வந்து இதில் ஒன்றுமில்லை, கையெழுத்துப் போடுங்கள் என்றார். ஒன்றுமில்லாததற்கு எதற்கு ஐயா கையெழுத்து என்று கேட்டேன். டீச்சர் சொல்லியிருக்கிறார், படிக்காமல் எதிலும் பெயர் எழுதக்கூடாது என்று.”

படையில் கைநாட்டு வைத்த அக்காமார்களிடம் தொடங்கிய பாடம் இங்கே வந்து நிற்கிறது.

மாலை தனுஷ்கோடி. 2017-க்குப் பிறகு அரிச்சல்முனைவரை தார்ச்சாலை. ஒரு காலத்தில் சென்னை எழும்பூரிலிருந்து ரயிலில் வந்து, இங்கே கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கிக் கொழும்புக்கு ரயில் பிடித்தார்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரே போயிற்று. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலைக் கடல் எடுத்துக்கொண்டது. நூறு பேருக்குமேல் அதில் மட்டும். இன்று சுற்றுலா வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. இடிந்த தேவாலயத்தின் முன் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள்.

அந்த வாரம் டீச்சர் தீவில் இருந்தார். பள்ளிக்கூடம் தப்பிப் பிழைத்தவர்களின் தங்குமிடமானது. பெஞ்சுகளைச் சேர்த்துக் கட்டிலாக்கி, தண்ணீரைக் கொதிக்க வைத்து, காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டு, யார் பெயர் என்ன, எந்த ஊர், யாரைக் காணவில்லை என்று வருகைப் பதிவேட்டின் வெற்றுத் தாள்களில் வரிசையாக எழுதினாராம். மேமியோவில் செய்த அதே வேலை. அந்தத் தாள்கள் கிடைத்தால் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன். அக்காவிடம் இல்லை. பள்ளியிலும் இல்லை.

திங்கள்: என் பள்ளி

குடியரசு நாள். மண்டபத்துக்கு மேற்கே கடலோரத்தில் நான் படித்த தொடக்கப் பள்ளி. ஓட்டுக் கட்டடம் போய்க் கான்கிரீட் வந்திருக்கிறது. கொடியேற்ற எட்டரை மணிக்கே போய்விட்டோம். என்னுடன் படித்த சிலர் மீன் இறங்குதளத்திலிருந்து நேராக வந்திருந்தார்கள்.

தலைமையாசிரியர் இளம்பெண். நேற்று மாலை தொலைபேசியில் சொல்லியிருந்தேன். கொடியேற்றியதும் ஐந்து நிமிடம் பேசச் சொன்னார். பேசினேன். எந்தக் காலத்திலும் இல்லாத அளவுக்கு எனக்குக் குரல் உயர்ந்தது. இந்தப் பள்ளியில் பாடம் சொன்ன ஒருவர், இதே மைதானத்தில் காலை வரிசையை நிற்க வைத்தவர், இந்தக் கொடிக்காகப் பர்மாக் காட்டில் நடந்தவர் என்று சொன்னேன். அதே படையில் இருந்த இராசம்மா பூபாலனைப் பற்றியும் சொன்னேன். ஈப்போவில் பிறந்து, பதினாறு வயதில் ராணிப் படையில் சேர்ந்து, பிறகு ஆசிரியையாகிக் கோலாலம்பூரில் பள்ளித் தலைமை ஆசிரியையாக உயர்ந்தவர். 1960-இல் பெண் ஆசிரியர் சங்கம் அமைத்து, ஆணுக்குக் கொடுக்கும் சம்பளத்தைப் பெண்ணுக்கும் கொடு என்று போராடியவர். மலேசியா அவரை அறியும். எங்கள் டீச்சர் தலைமையாசிரியர்கூட ஆகவில்லை. ஆனாலும் இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்த எனக்குத் தயக்கமே இல்லை. இராசம்மா சம்பளத்துக்குப் போராடிய காலத்தில், இவர் மாதவிலக்கு வந்ததும் நிறுத்தப்பட்ட பெண் பிள்ளைகளை வீடு வீடாகப் போய்த் திரும்பக் கூட்டிவந்துகொண்டிருந்தார். அப்படித் திரும்ப வந்தவர்களில் ஒருத்தி என் கூடப்பிறந்த மூத்த அக்கா. இன்று செவிலியராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டார்.

பேசி முடித்ததும் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள்.

“துப்பாக்கி எவ்வளவு கனம் இருக்கும்?”

“ஏறக்குறைய நான்கு கிலோ.”

“அவ்வளவுதானா? நான் தண்ணீர்க் குடம் தூக்குகிறேனே, அது அதைவிடக் கனம்.”

பிள்ளைகள் கைதட்டினார்கள். டீச்சர் இருந்திருந்தால் அவளை முன்னால் அழைத்து நிற்க வைத்திருப்பார்.

அலுவலக அறையில் இந்தப் பள்ளியின் தலைமையாசிரியர்கள் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறது. அதில் டீச்சர் பெயர் வர வழியில்லை. தலைமையாசிரியர் அதைப் பார்த்துவிட்டு, பலகைக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது, பணிபுரிந்த ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஒரு பலகை வைப்போம், பழைய வருகைப் பதிவேடுகளில் இருந்து பெயர்களை எடுக்கலாம் என்றார். டீச்சர் ஒருவருக்கு மட்டும் வைப்பதைவிட இது நல்ல யோசனை. செலவைப் பழைய மாணவர்கள் ஏற்றுக்கொள்கிறோம். டீச்சர் பெயருக்கு நேரே இரண்டு பணியையும் எழுத வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அக்காவும் அதற்கு மட்டும் சம்மதித்தார்.

இதைப் படிப்பவர்கள் வீட்டிலும் மலாயாவிலிருந்தோ பர்மாவிலிருந்தோ 1946-ஐ ஒட்டித் திரும்பிய பாட்டிகள், பெரியம்மாக்கள் இருந்திருக்கலாம். பழைய பெட்டியில் பணிப் பதிவேடு, பள்ளிச் சான்று, கப்பல் சீட்டு, வாழைமர நோட்டு எது கிடைத்தாலும் எறிந்துவிடாதீர்கள். தோட்டத்தின் பெயர், சேர்ந்த முகாமின் பெயர், கூட இருந்தவர்களின் பெயர் என்று அவர்கள் சொல்லி நினைவிருப்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இந்தப் பக்கத்து ஊர்களாக இருந்தால் எனக்கும் எழுதுங்கள். அடுத்த மாதம் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் போகிறேன். டீச்சருடன் அதே படையில் இருந்த இன்னொரு பெண் அங்கே பஞ்சாயத்துப் பள்ளியில் வேலை பார்த்ததாகத் திருப்பாலைக்குடிப் பெரியவர் சொல்லியிருக்கிறார்.